கால் அளவுக் குச்சி

எங்கள் வீட்டில் இரண்டாவது கார் வந்த கதையை என் கொழுந்தனார் வாயால் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். "எங்க அண்ணிக்காகத்தான் எல்லாம்" என்று ஆரம்பிப்பார். கல்யாண வீட்டில் சொல்வார். சாவு வீட்டிலும் சொல்வார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துபோயிற்று. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுத அது போதும்.

என் வலது கால் முட்டி மடங்காது. தக்காளி லாரியில் கூடை ஏற்றும்போது பலகை சரிந்து விழுந்தேன். தருமபுரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கால் நீட்டினது நீட்டினபடி நின்றுவிட்டது. கொஞ்ச நாள் அழுதேன். முட்டி கேட்கவில்லை. அழுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் மண்டியை விடவில்லை. மாரண்டஹள்ளி மண்டியில் எங்கள் காட்டில் விளைந்த தக்காளியும் பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் தக்காளியும் என் கையால்தான் ஏலம் போகும். விலை சொல்வது நான். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவார், கூடை இறக்குவார், பேச மாட்டார். நான் குறைவாகப் பேசுவேன் என்றால் அவர் அதிலும் பாதி. ஏலத்தில் ஒரு ஆளாவது வாயைத் திறக்க வேண்டும்.

பெங்களூருக்கு லோடு அடிக்கிற கன்னட வியாபாரி ஒருவர் வந்து விலை கேட்பார்.

"அக்கா, எஷ்டு?"

"நேத்தைய விலதான்."

"நேத்து மழெ இல்லக்கா. இவத்து மழெ பெய்து."

"உன் லாரி மேலதான் பெய்து. என் கூட மேல பெய்யல."

சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு நாள். மற்ற நேரமெல்லாம் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருப்பேன். எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

மண்டிக்குப் போக எனக்கு பஸ் ஆகாது. படி உயரம். நல்ல காலை மேலே வைத்தால் மற்றது பின்னால் கொம்பு மாதிரி நிற்கும். பின்னால் இருப்பவர் திட்டுவார். கண்டக்டர் விசில் அடிப்பார். ரெண்டு முறை பார்த்தேன், போதும். அதனால் காரில் ஏற முடிந்தால் மண்டி. ஏற முடியாவிட்டால் வீடு. இதுதான் விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

முதல் கார் கறுப்பு. பெரியது. மாமனார் வாங்கியது, யாரோ ஓட்டி விட்டதை. முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக ஒரே சீட்டு. கியர், ஸ்டீயரிங் பக்கத்திலேயே மேலே இருக்கும். அதனால் கீழே இடைஞ்சல் கிடையாது. நான் ஏறுவது இப்படி. கதவைத் திறந்து, முதுகைக் காட்டி, சீட்டில் குந்துவேன். பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து டிரைவர் இடம் வரை போவேன். கால் தானாக உள்ளே வந்துவிடும். பிறகு குறுக்காகக் காலைக் கிடத்திக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி வருவேன். அதன் பிறகுதான் என் வீட்டுக்காரர் ஏறுவார். அதுவரை வெளியே நின்று பீடி குடிப்பார். ஒரு பீடி தீர்வதற்குள் நான் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வண்டியில் என்னுடைய சாமான் இரண்டு. ஒன்று கைப்பிடி. கதவு ஓரத்துத் தூணில், பிடித்து எழும்ப, பம்புசெட்டு பைப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டச் சொன்னேன். பாலக்கோட்டில் வெல்டிங் கடைக்காரர் யோசித்தார்.

"அக்கா, கார்ல பைப்பு வெச்சா பாக்கறதுக்கு ஜீப்பு மாதிரி ஆயிடுமே."

"ஆவட்டும்."

"பெயிண்டாச்சும் அடிக்கறேன்."

"கைபட்டுப் போயிடும். வேணாம்."

இன்னொன்று, கீழே போட்டு ஏற ஒரு பலகைப் பெட்டி. ஒரு முழக் கயிறு கட்டியிருக்கும். ஏறி உட்கார்ந்த பிறகு கயிற்றைப் பிடித்து நானே மேலே இழுத்துக்கொள்வேன். எவரையும் கூப்பிட வேண்டாம்.

மற்ற சாமானெல்லாம் கொழுந்தனார் போட்டது. அவர் தருமபுரியில் ஆபீஸ் உத்தியோகம். சனிக்கிழமை வருவார். வரும்போதெல்லாம் வண்டிக்கு ஒரு சாமான் வரும். ஜன்னலுக்குக் குஞ்சம் வைத்த திரை. அதைப் போட்ட பிறகு பின்னால் லாரி வருவது என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. முன்னால் ஒரு குட்டி ஃபேன். அது ஓட்டுகிறவர் மூக்குக்கு மட்டும் காற்று வீசும். டேஷ்போர்டில் ஒரு மாதா சொரூபம், பிரேக் போட்டால் அதற்குப் பின்னால் பல்பு எரியும். மாதாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின் விளக்கு எரியாத வண்டியில் முன்னால் எதற்கு பல்பு.

வண்டிக்கு என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மேலே நல்ல கேரியர் வேண்டும், கூடை சரியாமல் கட்ட. தண்ணீர் கேன் வேண்டும், மேட்டில் ஆவி கிளம்பினால் ஊற்ற. சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு கல். டார்ச்சு. ஏறி இறங்கப் பிடிமானம். இவ்வளவுதான். இதில் ஒன்றுகூட குஞ்சம் வைத்ததில்லை.

கைப்பிடியைப் பார்த்துவிட்டுக் கொழுந்தனார் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும்.

"அண்ணி, மானம் போவுது. டவுன் பஸ்ஸு மாதிரி இருக்குது."

"டவுன் பஸ்ஸுல எனக்கு ஏற முடியல தம்பி. இதுல முடியுது."

வெல்டிங் கடையில் அறுத்துவிடலாம் என்று மாமனாரிடம் சொன்னார். மாமனாரும் "அசிங்கமாத்தான் இருக்குது" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் வண்டியில் ஏறினார். என் கண் முன்னால். அவருக்கும் இடுப்பு வலி. வீட்டில் எல்லோரும் அதைப் பிடித்துத்தான் ஏறினார்கள். ஏறின பிறகு அசிங்கம் என்பார்கள்.

பிறகு கறுப்பு வண்டிக்கு வயசாகிவிட்டது. புகை விட்டது. மழைத் தண்ணீர் காலடி ஓட்டை வழியாக உள்ளே வந்தது. பாலக்கோடு போகிற வழியில் கூடையோடு நின்று, தக்காளியெல்லாம் வேறு வண்டிக்கு மாற்றி, போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் மாமனார் சொன்னார், இனி வேறு வண்டி.

அப்போதுதான் ஒரு சின்னக் கார் நாட்டில் புதிதாக வந்திருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. பதிந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் சேலத்தில் ஒரு புரோக்கரிடம் வெள்ளையில் ஒன்று இருக்கிறது, பதிந்தவர் வேண்டாம் என்று விட்டது, கைக்கு உடனே கிடைக்கும் என்று கொழுந்தனார் சேதி பிடித்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது அவரே எல்லோருக்கும் சொன்னார்.

"எங்க அண்ணி கால வெச்சிக்கிட்டு படற கஷ்டத்தப் பாக்க முடியல. அதான் புது வண்டி எடுக்கறோம்."

"புண்ணியமாப் போவும் தம்பி" என்றார்கள்.

எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. நான் முட்டாள்தான்.

எங்கள் வீட்டில் எருது வாங்கினாலும் குடும்பத்தோடு போவது வழக்கம். ஒருவர் கண்ணுக்குத் தப்பின சுழி இன்னொருவர் கண்ணில் படும் என்று. காருக்கும் அப்படியே கிளம்பினார்கள். மாமனார், மாமியார், கொழுந்தனார், அவர் மனைவி, பிள்ளைகள், மாமியாரின் தம்பி, அவர் ஒரு காலத்தில் லாரி கிளீனராக இருந்தவர் என்பதால் அவர். எல்லோரும் கறுப்பு வண்டியில் ஏறினார்கள். நானும் நல்ல சேலை கட்டி, பலகைப் பெட்டியைக் கீழே போட்டு, கைப்பிடியைப் பிடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். முன் சீட்டில் எனக்கு இடம் இல்லை. மாமியாரின் தம்பி மடியில் ஒரு பிள்ளையோடு குந்தியிருந்தார்.

கொழுந்தனார் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணி, நீங்க வந்தா மூணு பேரு எறங்கணும்."

"எறங்கட்டும்."

"மாமாவுக்குத்தான் இஞ்சினு பத்தித் தெரியும். அவர எப்படி எறக்கறது?"

"வண்டி எனக்குன்னு சொன்னீங்க."

"உங்களுக்குத்தான் அண்ணி. நாங்க பாத்தா நீங்க பாத்த மாதிரிதான?"

மாமியார் பின் சீட்டிலிருந்து, "ஏண்டி, அவ்ளோ தூரம் அந்தக் காலத் தூக்கினு வந்து என்னா பண்ணப் போற? வூட்டுல இரு. வரும்போது உனக்கு அல்வா வாங்கியாறோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். வண்டி போயிற்று. எனக்காகக் கார் பார்க்க, என்னை ஏற்றிப்போக இடம் இல்லாமல், அந்தக் குடும்பம் போயிற்று. இந்தக் கூத்து வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாயத் திரும்பினார்கள். ஒரே சந்தோஷம். மாமனார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். முன்னால் ஓட்டச் சொன்னாராம், பின்னால் ஓட்டச் சொன்னாராம். மாமியாரின் தம்பி இஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டாராம். சத்தமே இல்லையாம், அதனால் முதலில் சந்தேகப்பட்டாராம். எல்லோரும் ஒன்றாக ஏறி அடைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்களாம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புரோக்கரின் ஆள் வண்டியைக் கொண்டுவந்து கோயிலில் விடுவான். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு மீதியைக் கொடுத்து எடுத்துக்கொள்வது.

அதோடு சாமான் கடைக்கும் போயிருக்கிறார்கள். காகிதப் பொட்டலங்களைக் கொழுந்தனார் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஸ்டீயரிங்குக்கு ஆட்டு மயிர் மாதிரி உறை. பாட்டுப் பாடும் ஹாரன். மறுபடியும் திரை, இந்தத் தடவை சிவப்பு. கடைசியாக ஒரு சின்ன மெத்தை, பூப்போட்ட உறையோடு.

"இது உங்களுக்கு அண்ணி. காலுக்கு அடியில வெச்சிக்கங்க."

வாங்கிக்கொண்டேன். நல்ல பஞ்சு.

"கதவு எவ்ளோ தொறக்குது?" என்று கேட்டேன்.

"நல்லாத் தொறக்குது."

"முன்சீட்டு ஒரே சீட்டா?"

"அதெல்லாம் பழைய வண்டிலதான் அண்ணி. இது தனித் தனி சீட்டு. நடுவுல கியரு. ப்ளேன் மாதிரி."

அவர் ப்ளேனில் போனதில்லை.

"கால நீட்டறதுக்கு உள்ள எடம் இருக்குதா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடி எப்படி இறங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. டிக்கியில் எத்தனை கூடை அடங்கும் என்றுகூடப் பேசியிருக்கிறார்கள். எத்தனையோ கண் போயும் இந்தச் சுழி யார் கண்ணிலும் படவில்லை.

ராத்திரி என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஏங்க, நீங்களாச்சும் பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஏன்?"

"தம்பி பாத்திருப்பான்னு நெனச்சேன்."

மறுநாள் காலையில் வேலியோரம் ஒரு அகத்திக் குச்சி வெட்டினேன். தரையில் குந்திக் காலை நீட்டி, இடுப்பிலிருந்து குதிகால் வரை பிடித்து, அளவாக நறுக்கினேன். என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

"சேலத்துக்குப் போயி, முன்சீட்டுல முதுவு சாயற எடத்துலருந்து இத வெச்சிப் பாருங்க. கதவு சாத்துச்சின்னா எடுங்க. இல்லன்னா வேணாம்னு சொல்லிட்டு வாங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அதற்குள் மாமியார் பார்த்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் யாராவது செத்தால் சவப்பெட்டிக்கு அளவு எடுக்கக் குச்சி வைத்துத்தான் எடுப்பார்கள். தலையிலிருந்து கால் வரை பிடித்து நறுக்கி, அதை ஆசாரியிடம் கொடுத்தனுப்புவார்கள். பிறகு அந்தக் குச்சியையும் பெட்டியோடு குழியில் போட்டுவிடுவார்கள். உயிரோடு இருக்கிற ஆளைக் குச்சியால் அளக்கக் கூடாது. துணி தைக்கக்கூட நூல்தான்.

"உசுரோட இருக்கறவ தனக்குத் தானே அளவுக் குச்சி வெட்டறாளே" என்று மாமியார் அழுதார். "இந்த வூடு வெளங்குமா?"

"அத்த, காலுக்கு மட்டுந்தான் எடுத்தேன்."

"கால் மட்டும் தனியாப் போவுமாடி?"

மாமனார் வந்தார். குச்சியைப் பிடுங்கினார். முட்டியில் வைத்து மூன்றாக ஒடித்து அடுப்பில் போட்டார். அவருக்கு முட்டி நன்றாக மடங்கும்.

"மண்டிக்கிப் போயிப் போயி உனக்கு வாய் ஜாஸ்தியாப் பூடுச்சி" என்றார்.

கொழுந்தனார் சமாதானம் பேச வந்தார். "எதுக்கு அண்ணி இவ்ளோ ரோதன? எடம் பத்தலன்னா என்னா, நீங்க வூட்டுலயே இருந்துக்கலாம். மண்டில ஒரு ஆளப் போட்டுக்கலாம். எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். கணக்கெல்லாம் நல்லாப் போடுவான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மண்டி எனக்குக் கஷ்டம் என்று அவர் நிஜமாகவே நினைத்திருந்தார். அந்தக் கஷ்டத்திலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் வண்டி. நான் ஏற முடியாத வண்டியை எனக்காக வாங்கி, நான் போக வேண்டிய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டு, காலுக்குப் பூப்போட்ட மெத்தையும் கொடுத்துவிட்டால் அண்ணி சந்தோஷமாக இருப்பாள். இதுதான் அவர் கணக்கு.

குச்சிக்குப் பயந்த வீடு இது. நான் ஒரு மூலையில் காய்ந்துபோவதற்குப் பயப்படவில்லை.

இன்னொரு குச்சி வெட்டினேன். யாரும் பார்க்காமல் சேலை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

மந்திரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் எதை வாங்கினாலும் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்துத்தான் எடுப்போம். மந்திரித்த பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. இது வேதத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இருக்கிறது. முன்பு ஒரு பம்புசெட்டு மோட்டார் வாங்கி, ஓட்டிப் பார்க்காமல் மந்திரித்துவிட்டார்கள். அது முதல் நாளே தண்ணீர் இறைக்கவில்லை. கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றார். மாமனார் மாட்டேன் என்றுவிட்டார். இன்னும் கொட்டகையில் சும்மா கிடக்கிறது, ஆசீர்வதிக்கப்பட்டு.

ஆக, தீர்த்தம் பட்டால் வண்டி எங்களுடையது. பட்ட பிறகு நான் என்ன கத்தினாலும் ஆகாது. அதற்கு முன்னால் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. கோயில் வாசலில் வெள்ளை வண்டி நின்றது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சிவப்புத் திரை போட்டு, மூக்கில் மாலை போட்டிருந்தார்கள். கொழுந்தனார் ஹாரனை அடித்தார். அது ஏதோ ஒரு மெட்டைப் பாடியது. ஜனமெல்லாம் சிரித்தது. புரோக்கரின் ஆள் துணி வைத்து பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கறுப்பு வண்டி தள்ளி மரத்தடியில் நின்றது. அதில்தான் நான் வந்திருந்தேன்.

சாமியார் வந்தார். உபதேசியார் தீர்த்தச் செம்போடு பின்னால் நின்றார். சாமியார் புத்தகத்தைத் திறந்தார்.

"சாமி, கொஞ்சம் இருங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னாம்மா?"

"வண்டி எனக்காக வாங்கறதுன்னு சொல்றாங்க. நான் ஒரு தரம் ஏறிக் குந்திப் பாத்துக்கறேன். அப்பால மந்திரிங்க."

"மந்திரிச்ச பொறவு குந்தும்மா. எனக்கு அடுத்த ஊர்ல பூசை இருக்குது."

"பொறவு ஆவாதுங்க சாமி."

கொழுந்தனாருக்குச் சந்தேகம் வரவில்லை. "ஆமாமா, அண்ணிதான் மொதல்ல ஏறணும்" என்று அவரே கதவைத் திறந்து பிடித்தார். மெத்தையை எடுத்துவந்து கீழே வைத்தார்.

முதுகைக் காட்டிக் குந்தினேன். சீட்டு தாழ்வு. பின்பக்கமாக நகர்ந்தேன். கியர் வந்து முதுகில் குத்தியது. அதற்கு மேல் போக வழி இல்லை. கால் வெளியே நின்றது. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. செருப்பு போட்ட பாதம் கோயிலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, கதவ சாத்துங்க" என்றேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாத்துங்க. சாத்துச்சின்னா சாமி மந்திரிக்கட்டும்."

"கொஞ்சம் உள்ள தள்ளிக்கங்க அண்ணி."

"தள்ளறதுக்குக் கியரு வுடல."

புரோக்கரின் ஆள் ஓடி வந்தான். "சீட்டு பின்னால போவுங்க" என்று அடியில் ஏதோ பிடித்துத் தள்ளினான். சீட்டு என்னோடு சேர்ந்து பின்னால் போயிற்று. கால் உள்ளே திரும்ப இன்னும் ஒரு சாண் வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்து குச்சியை எடுத்தேன். சீட்டு முதுகில் ஒரு நுனியை வைத்து நீட்டிக் காட்டினேன். மறு நுனி முன்னால் டேஷ்போர்டில் போய் முட்டியது. வளைக்காமல் உள்ளே நிற்காது. அகத்திக் குச்சியாவது வளையும்.

மாமியார் குச்சியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பின்னாடி படுத்துக்கலாமே" என்றார் மாமியாரின் தம்பி. "கால நீட்டி ஜம்முன்னு."

"நான் படுத்தா நீங்கெல்லாம் எங்க குந்துவீங்க?"

கூட்டத்தில் ஒருவர், "கேரியர் மேலதான்" என்றார். சிரிப்பு கிளம்பியது. இந்த வண்டிக்குக் கேரியரும் கிடையாது என்று இன்னொருவர் சொன்னார். சிரிப்பு அதிகமாயிற்று. தக்காளிக்காரர்கள் ஊர். கேரியர் இல்லாத காரைப் பார்த்து அவர்களால் சிரிக்காமல் இருக்க முடியாது.

கொழுந்தனார் குனிந்து என் காதோரம் சொன்னார். "அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க. எறங்குங்க. வூட்டுல பேசிக்கலாம்."

"வூட்டுலதான் பேசினேன் தம்பி. குச்சிய அடுப்புல போட்டாங்க."

சத்தமாகச் சொன்னேன். அவ்வளவு சத்தம் நான் ஏலத்தில் மட்டும்தான் போடுவேன். "மண்டிக்குப் போறதுக்கு எனக்கு வண்டி. இதுல நான் போவ முடியாது. எனக்குன்னு பேர் சொல்லி மந்திரிக்காதீங்க. உங்களுக்குன்னு வேணும்னா மந்திரிச்சிக்கங்க. ஆனா அப்படிச் சொல்லி மந்திரிங்க."

சாமியார் புத்தகத்தை மூடி விரலை உள்ளே வைத்துக்கொண்டார். மாமனாரைப் பார்த்தார். "என்னாங்க, யார் பேருல?"

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது மரத்தடியிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். கையில் என் பலகைப் பெட்டி. வெள்ளை வண்டியின் கதவோரம் தரையில் அதை வைத்தார். கயிற்றை என் பக்கம் போட்டார். கையை நீட்டினார். இந்த வண்டியில் கைப்பிடி இல்லையே. அவர் கையைப் பிடித்து எழுந்து பெட்டியில் கால் ஊன்றி இறங்கினேன். சேலத்துக்குப் போன அன்றே இந்தக் கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. இன்றைக்காவது நீட்டினாரே என்று சந்தோஷப்பட எனக்கு மனசு வரவில்லை. பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாமனார் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பெரிய மருமவளுக்கு ஒத்து வராத வண்டி நம்ம வூட்டுக்கு எதுக்கு? கொண்டு போங்கப்பா" என்றார்.

ஊர் ஆ என்றது. மருமகளை மகள் மாதிரி வைத்திருக்கிறார் என்றார்கள். சாமியாரும் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பேர் சொல்லாமல், ஒரு நல்ல மாமனாரைப் பற்றிச் சொன்னார். என் மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எனக்கு அந்தப் பிரசங்கத்தின்போது எழுந்து போக வேண்டும் போல் இருந்தது. நான் எழுந்தால் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்திருந்தேன்.

குச்சியை ஒடித்தவர் அவர். என்னை விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். தீர்த்தத்தை நிறுத்தியது நான். ஆனால் நல்ல பெயர் யாருக்கு என்று பாருங்கள்.

அடுத்த வண்டிக்கு நான் போனேன். யாரையும் கேட்கவில்லை. முன் சீட்டில் ஏறிக் குந்திக்கொண்டேன், இறங்கவில்லை. மாமியாரின் தம்பிக்கு இடம் இல்லாமல் போயிற்று. தருமபுரியில் ஒரு ஷெட்டில் சாம்பல் நிறத்தில் பெரிய வண்டி ஒன்று நின்றது. பழசுதான். ஒரே நீளச் சீட்டு. கியர் மேலே. வண்டி விற்கிறவர் இஞ்சினைத் திறந்து காட்ட வந்தார்.

"அத அப்பறம் பாக்கலாம். கதவத் தொறங்க" என்றேன்.

குச்சியை வைத்தேன். சீட்டு முதுகிலிருந்து முழுசாக உள்ளே கிடந்தது. மேலும் நாலு விரல் மிச்சம். கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தியது.

"எதுக்கும்மா குச்சி?" என்றார் அவர்.

மாமனார் முந்திக்கொண்டார். "எங்க மருமவ எல்லாத்தயும் அளந்து பாத்துத்தான் வாங்குவா" என்றார், பெருமையாக.

நான் அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கறுப்பு வண்டியை விற்கவில்லை. மந்திரித்தது ஆயிற்றே. கொட்டகையில் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றது. கோழி அடைந்தது. என் கைப்பிடியை மட்டும் பாலக்கோட்டுக் கடையில் அறுத்து எடுத்துப் புது வண்டிக்கு ஒட்டினார்கள். கொழுந்தனார் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்புத் திரையை அவர் திருப்பிக் கடையில் கொடுத்தார். ஹாரன் மட்டும் வீட்டில் கிடந்தது, பிள்ளைகள் பேட்டரியில் மாட்டி விளையாடினார்கள். மெத்தையை நான் மண்டிக்கு எடுத்துப்போனேன். தராசுக்குப் பக்கத்தில் பலகையில் போட்டு உட்கார நன்றாக இருந்தது.

குச்சி முன் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. நான் எடுக்கவில்லை. மாமியார் அந்தச் சீட்டில் கடைசி வரை உட்காரவில்லை. பின்னாலேயே ஏறுவார். ஆனால் ஏறும்போது என் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்கதவுக்கு நகர்வார்.

சாம்பல் வண்டியை மந்திரித்ததற்கு மறுநாள் விடியலில் கூடையெல்லாம் கேரியரில் ஏறியது. பெட்டியைப் போட்டேன். கைப்பிடியைப் பிடித்தேன். முதுகைக் காட்டிக் குந்தி, நகர்ந்து, காலை உள்ளே இழுத்தேன். கயிற்றைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்த வந்தார்.

"வேணாம். பீடியக் குடிங்க" என்றேன்.

கதவை நானே சாத்தினேன்.